சுந்தராம்பாளின் மூன்றாம் பரீட்சை

சுந்தராம்பாளை இரண்டு தடவை ஃபெயிலாக்கியது நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சித்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் நான்தான் என்று பேச்சு பரவியிருக்கிறது. ஃபெயிலாக்கியது திருப்பதியிலிருந்து தேர்வு நடத்த வந்த தாட்சாயணி மேடம். நான் வெறும் வாத்தியார். விருந்தினருக்கு எப்படிப் பரிமாறுவது என்று சொல்லிக்கொடுக்கிறவன். பெயர் அருள்குமார், ஊர் காட்பாடி, தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். அதற்கு முன்னால் பதினோரு வருடம் உல்லாசக் கப்பலில் சர்வீஸ். வெள்ளைக்காரர், ஜப்பான்காரர், அரபுநாட்டு ஷேக் என்று எத்தனையோ பேருக்குப் பரிமாறியிருக்கிறேன். ஒருவரும் என்னிடம் முகம் சுளித்ததில்லை. அந்தப் பெருமையெல்லாம் எங்கே போய் முடிந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்குப் பழகிவிட்டது.

எங்கள் ஹோட்டல் பயிற்சிப் பள்ளி இருப்பது சித்தூரில் பாகாலா ரோட்டில், ஒரு பழைய ஜமீன் பங்களாவில். குதிரை லாயத்தில் பேக்கரி. ஜமீன்தாரிணி தூங்கிய அறையில் படுக்கை விரிக்கும் வகுப்பு. அந்தக் கட்டில் எவ்வளவு உயரம் என்றால், போர்வை மாற்றுவதற்கு ஸ்டூல் போட்டு ஏறவேண்டும். பாரம்பரியக் கட்டடம், சுவரில் ஓர் ஆணி அடிக்கக் கூடாது என்று உத்தரவு. அதனால் என் கரும்பலகை ஆறு வருடமாக ஒரு நாற்காலி மேல் சாய்ந்து நிற்கிறது; நான் குனிந்து குனிந்து எழுதி இடுப்பு போனதுதான் மிச்சம். மாணவர்கள் பரிமாறிப் பழகும் சாப்பாட்டுக்கூடம் ஒரு காலத்தில் தர்பார் ஹால். மேலே வட்டக் கூரை, அதில் புறாக்கள். மேசை விரிப்பைப் புறாவிடமிருந்து காப்பாற்றுவது எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை, ஆனால் கட்டாயப் பாடம்.

இந்த இடத்துக்குத்தான் போன டிசம்பரில் சுந்தராம்பாள் வந்து சேர்ந்தார். வயது நாற்பத்து நான்கரை. நாற்பத்தைந்து வரைக்கும் சேர்க்கலாம் என்று அரசுத் திட்டத்தில் இருந்தது. மற்றப் பிள்ளைகளெல்லாம் பத்தொன்பது, இருபது. முதல் நாள் வகுப்பில் நான் கப்பல் கதையை ஆரம்பித்து, அட்லாண்டிக் சமுத்திரத்தில் அலையடிக்கும்போது ஒரு சொட்டு சிந்தாமல் சூப் கொண்டுபோனதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"சார், நீங்க காலைல துன்னீங்களா இல்லியா? கண்ணு உள்ள போயிகீது."

வகுப்பே சிரித்தது. நான் சாப்பிடவில்லை என்பது உண்மைதான். அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. இடைவேளையில் டிபன் பாக்ஸைத் திறந்து, கேட்காமலே என் கையில் இரண்டு இட்லியை வைத்தார். கோபத்தோடு சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

அவருக்கு ஊர் சத்தியவேடு. வீட்டுக்காரர் பழனி லாரி ஓட்டுகிறார், அதிகம் பேசாத மனிதர். பக்கத்தில் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டை வந்து, கம்பெனி வேலைக்கு ஆட்கள் மொய்த்தபோது சுந்தராம்பாள் வீட்டு முன்கட்டில் மெஸ் ஆரம்பித்தார். மத்தியானம் அறுபது இலை விழும். பதினாலு வருடம் அந்த அறுபது பேருக்கும் பரிமாறியது அவர் ஒருவர்தான். பிறகு கம்பெனிகள் தாங்களே கேன்டீன் வைத்துக்கொண்டன. ஒரு பொங்கலுக்குப் பிறகு மூன்று இலைதான் விழுந்தது. மெஸ்ஸை மூடிவிட்டார்.

மகள் ஹரிதா திருப்பதியில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போன அன்று காலையில் அந்த ஹோட்டலின் டிபன் ஹாலை இவர் பார்த்திருக்கிறார். மலைக்குப் போய் இறங்கிய யாத்திரைக் கூட்டம், ஐம்பது பேர், மொட்டைத் தலையோடு தட்டை வைத்துக்கொண்டு தவிக்கிறது. அதற்கு மேல் நடந்ததை அவர் சொல்லியே கேட்கவேண்டும்.

"முப்பது மேசை சார். எவன் தட்டுலயும் ஒண்ணும் இல்ல. பரிமாற்ற பசங்க செல்லைப் பாத்துக்கினு நிக்கிறானுங்க. எனக்கு வயிறு எரிஞ்சிது. முந்தானையை இழுத்துச் சொருவிக்கினு எறங்கிட்டேன். அரை மணி நேரம். எல்லாரும் ஏப்பம் வுட்டுக்கினு எழுந்து போனாங்க. மேனேஜரு ஓடியாந்து, யாரும்மா நீன்னாரு."

மேனேஜர் அந்த ஹாலுக்குப் பொறுப்பாளர் வேலை தருகிறேன் என்றார். ஆனால் கையில் ஒரு சர்டிபிகேட் வேண்டும், தலைமை அலுவலகம் கேட்கும், ஜூன் கடைசி வரைக்கும் இடத்தைக் காலியாக வைத்திருப்பேன் என்றும் சொன்னார். அதற்காகத்தான் இந்த அம்மாள் பிள்ளைகளோடு பிள்ளையாகக் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தது. "அந்த ஹாலு மேல ஆசையாப் போச்சி சார்," என்பார். "ராத்திரி கண்ணை மூடினா முப்பது மேசைதான் வருது."

சமையல், சுத்தம், மேசை அலங்காரம் எல்லாவற்றிலும் முதல் மார்க். ஒரே ஒரு கோளாறு. பரிமாறுவதற்கு முன் கேட்கமாட்டார். வேண்டாம் என்றாலும் நிறுத்தமாட்டார்.

"வேண்டுமா என்று கேளுங்கம்மா," என்றேன்.

"சோத்தைக் கையில வச்சிக்கினு வேணுமான்னு கேக்கறதா? மானம் உள்ளவன் எவன் சார் வேணும்னு சொல்லுவான்?"

"அப்போ விருந்தினருக்கு வேண்டுமா வேண்டாமா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?"

என்னைப் பார்த்து, இதுகூடத் தெரியாமல் எப்படி இவனைக் கப்பலில் வைத்திருந்தார்கள் என்பதுபோல ஒரு முழி முழித்தார். பிறகு மேசையில் ஒரு தட்டை வைத்து, அதன் மேல் தன் கையை மறித்துக் காட்டினார். பந்தியில் எல்லோரும் செய்வதுதான், இலைக்கு மேல் கையை நீட்டிப் போதும் போதும் என்பது.

"அஞ்சு விரலும் ஒட்டிக்கினு இருந்தா நெசமாவே வேணாம். விரலுக்கு நடுவுல சந்து வுட்டிருந்தா, போடுன்னு அர்த்தம். அந்தச் சந்துல போட்டுட்டுப் போய்க்கினே இருக்கணும். கையை ஒரு சாண் மேல தூக்கிக்கினு வேணாம் வேணாம்னு கத்தினா, இன்னும் ஏன் போடலன்னு அர்த்தம்."

"வாய் வேண்டாம் என்கிறதே!"

"வாய் சொல்றதைக் கேட்டுக்கினு இருந்தா எங்க மெஸ்ல பாதி பேரு பட்டினியா பூட்டிருப்பானுங்க."

இந்த அம்மாளோடு மல்லுக்கு நிற்பதே என் பிழைப்பாகிவிட்டது. பழகுவதற்கு மாணவர்களையே விருந்தினராக உட்காரவைப்பேன். பாகாலாவிலிருந்து வரும் யோகேஷ் என்ற பையன் எப்போதும் அவர் மேசைக்குத்தான் ஓடுவான். வேண்டாம்க்கா, வேண்டாம்க்கா என்று கையை விரித்துக்கொண்டே மூன்று மாதத்தில் நாலு கிலோ ஏறினான். ஒரு நாள் வகுப்பு நடுவில் அவன் கோட்டுப் பித்தான் தெறித்து என் கரும்பலகையில் பட்டது.

முதல் பரீட்சை ஏப்ரலில். தாட்சாயணி மேடம் விருந்தினராக உட்கார்ந்தார், பக்கத்தில் எங்கள் பிரின்சிபால் முனிரத்தினம். சுந்தராம்பாள் கட்லெட்டைப் பரிமாறிவிட்டு, சமையல்கட்டு வாசலில் நின்று பக்கத்துப் பெண்ணிடம் கிசுகிசுத்தார். தர்பார் ஹாலின் வட்டக் கூரையைப் பற்றி ஒரு விஷயம்: ஒரு மூலையில் முணுமுணுத்தால் எதிர் மூலையில் மணி அடித்ததுபோலக் கேட்கும்.

"பாவம், இந்தம்மா மூஞ்சைப் பாரேன். காலைலேருந்து ஒண்ணும் உள்ள போகல. பஸ் எறங்கி நேரா வந்துகீது."

தாட்சாயணி மேடத்தின் முள்கரண்டி அந்தரத்தில் நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மேடம் கையை நீட்டி, "சாலு, சாலும்மா," என்று தெலுங்கில் போதும் போதுமென்று தடுத்துக்கொண்டிருக்க, விரல் சந்து வழியாக மூன்றாவது கட்லெட் இறங்கிக்கொண்டிருந்தது. விருந்தினரின் விருப்பம் மதிக்கப்படவில்லை என்று எழுதி ஃபெயில் போட்டார்.

அப்புறம் நான் பிடித்த பிடி கொஞ்சநஞ்சமல்ல. கேட்காமல் ஒரு பருக்கை போடக்கூடாது, அவர்களாகக் கூப்பிடும் வரைக்கும் அசையக்கூடாது என்று தினமும் கத்தினேன். கத்தியதன் பலன் மே மாதம் கிடைத்தது. இரண்டாம் பரீட்சையில் சூப்பில் மிளகு தூக்கலாக விழுந்து மேடத்துக்குப் புரையேறிவிட்டது. தம்ளரில் தண்ணீர் இல்லை. சுந்தராம்பாள் கையில் தண்ணீர்க் கூஜாவோடு இரண்டடி தள்ளி நிற்கிறார். நிற்கிறார், அவ்வளவுதான்! மேடத்துக்குக் கண்ணில் தண்ணீர் வழிகிறது; இவர் என்னைப் பார்க்கிறார், கூஜாவைப் பார்க்கிறார், அசையவில்லை. கடைசியில் பிரின்சிபால் எழுந்து ஓடி அவர் கையிலிருந்து கூஜாவைப் பிடுங்கித் தண்ணீர் ஊற்றினார். விருந்தினர் கவனிக்கப்படவில்லை, ஃபெயில்.

"அவங்க கேக்கலியே சார்!" என்றார் சுந்தராம்பாள் வெளியே வந்து. சொல்லிவிட்டுக் குதிரை லாயப் படியில் உட்கார்ந்து அழுதார். அதுவரைக்கும் எனக்கு இது ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது. அன்றைக்குத்தான் மனசு சுருக்கென்றது. எங்கள் பள்ளியில் மூன்று வாய்ப்புதான். மூன்றாவது பரீட்சை ஜூன் இருபத்தேழு. அதிலும் போனால் ஹாலை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அவரை நிற்கவைத்துச் சிலையாக்கியது என் வாய்தான் என்று எனக்கே தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

அந்த ஒரு மாதம் மத்தியானச் சாப்பாட்டை நான் அவர் மேசையில்தான் சாப்பிட்டேன். அவருக்கு நான் சொல்லிக்கொடுத்தது சின்ன விஷயம். தண்ணீர், உப்பு, கைத்துண்டு இதெல்லாம் கேட்காமல் கொடுக்கலாம். சாப்பாடு மட்டும் கேட்டுப் போடவேண்டும். ஒரு தடவை கேளுங்கள். வேண்டாம் என்றால் தாங்க்யூ சொல்லி இரண்டடி பின்னால் போங்கள். கையைப் பார்க்காதீர்கள். அவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே, வேண்டாம் என்று நான் நீட்டிய கையைக் காட்டி, "இது இன்னா சார்? சந்தைப் பாருங்க," என்பார். பார்ப்பேன். சந்து இருக்கும். நாளடைவில் எனக்கும் கண் அங்கேயே போக ஆரம்பித்தது. காட்பாடியில் ஒரு கல்யாணத்தில் என் மாமனார் பாயசத்துக்கு மறித்த கையைப் பார்த்து, "ஊத்துங்க, அவருக்கு வேணும்," என்று சொல்லிவிட்டேன். அவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

சுந்தராம்பாள் வீட்டிலும் விடாமல் பழகினார். "எங்க வூட்டுக்காரரு வேணாம்னாருன்னா வுட்டுடறேன் சார்," என்று பெருமையாகச் சொன்னார். "ரெண்டு கிலோ எளைச்சிட்டாரு."

இருபத்தேழாம் தேதி வந்தது. மூன்றாவது வாய்ப்பு என்றால் எங்கள் பள்ளியில் பொறுப்பாளர் பரீட்சைதான்: ஒரு உதவியாளை வைத்துக்கொண்டு அவர் மேசையை நடத்திக் காட்டவேண்டும். உதவியாள் யோகேஷ். பத்து மணிக்கு அவன் போன் செய்தான், பாகாலாவிலிருந்து வந்த பஸ் டயர் வெடித்து வழியில் நிற்கிறதாம். மற்றப் பிள்ளைகளெல்லாம் பரீட்சை முடித்துப் போய்விட்டார்கள். வேறு வழியில்லாமல் உதவியாள் கோட்டை நான் மாட்டிக்கொண்டேன். அளவு பத்தவில்லை, கை முழங்கை வரைக்கும்தான் வந்தது.

தாட்சாயணி மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மீரா?" என்றார், நீங்களா என்று.

"இன்று நான் உதவியாள் மேடம். சுந்தராம்பாள்தான் பொறுப்பு."

"சரே," என்று உட்கார்ந்தார். பக்கத்தில் பிரின்சிபால், கூஜாவைக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த அம்மாள் அன்று பரிமாறியதுபோல நான் கப்பலில்கூடப் பார்த்ததில்லை. தம்ளர் பாதியாகும்போது தண்ணீர் வந்தது. சூப் வந்தது, கட்லெட் வந்தது, புலாவ் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு தடவை கேட்டார். வேண்டாம் என்றதும் தாங்க்யூ, இரண்டடி பின்னால். புறாக்கள்கூடச் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டிருந்தன. எனக்குப் பெருமையில் கோட்டுப் பித்தான் தெறித்துவிடும் போலிருந்தது.

கடைசியாக மாம்பழக் கேசரி. சித்தூரில் ஜூன் மாதத்து மாம்பழம், அதில் இந்த அம்மாள் கை நெய். மேடம் ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். தட்டு காலியானது.

"வுட் யூ லைக் சம் மோர், மேடம்?" என்று சுந்தராம்பாள் கேட்டார். மூன்று வாரம் மனப்பாடம் செய்த வாக்கியம்.

"சாலு. தாங்க்யூ," என்று மேடம் தட்டுக்கு மேல் கையை நீட்டினார்.

அந்தக் கையை நான் பார்த்தேன். ஐந்து விரலும் ஐந்து திசையில் இருந்தன. நடுவில் ஒரு கரண்டி என்ன, பாத்திரமே நுழையலாம்.

சுந்தராம்பாளின் கழுத்து நரம்பு புடைத்தது. "தாங்க்யூ மேடம்," என்றார். இரண்டடி பின்னால் போனார். கேசரிப் பாத்திரத்தை உள்ளே கொண்டுபோகும்படி என்னிடம் கொடுத்தார். முடிந்தது, பாஸ்! எனக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. பாத்திரத்தோடு மேடத்தின் இடதுபக்கமாக நடந்தேன். கை இன்னும் தட்டு மேலேயே இருந்தது. சுட்டுவிரல் இன்னும் கொஞ்சம் விலகியது.

அப்புறம் என்ன நடந்ததென்று எனக்கே தெரியாது. சத்தியமாகச் சொல்கிறேன், என் கரண்டி தானாகப் போனது. விரல் சந்து வழியாகக் கேசரி தட்டில் தொப்பென்று விழுந்தது.

பிரின்சிபால் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். என் பதினோரு வருடக் கப்பல் கண்ணெதிரே மூழ்கியது. அதுகூடப் பரவாயில்லை, போய்த் தொலையட்டும். இந்த அம்மாளின் முப்பது மேசை போச்சே, கரை வரைக்கும் வந்ததை என் கையாலேயே கவிழ்த்துவிட்டேனே என்றுதான் என் நினைப்பு ஓடியது.

சுந்தராம்பாள் வந்தார். ஓடவில்லை, நடந்துதான் வந்தார். என் கையிலிருந்து பாத்திரத்தையும் கரண்டியையும் வாங்கினார்.

"வேணாம்னு சொன்னாங்க இல்ல?" என்று மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் கூரை முழுக்கக் கேட்டது. "கேட்டுட்டுப் போடணும்னு தெரியாது? உள்ள போய் நில்லு."

நின்ற இடத்திலேயே நான் பத்து வயதுப் பையனாகிவிட்டேன். அவர் மேடத்திடம் திரும்பி, கையைக் கட்டிக்கொண்டு குனிந்தார்.

"சாரி மேடம். புது ஸ்டாஃப். நான் பாத்துக்கறேன். வேற தட்டு கொண்டாரட்டுமா?"

தாட்சாயணி மேடம் தட்டைப் பார்த்தார். முழங்கை தெரியும் கோட்டில் நிற்கும் புது ஸ்டாஃபைப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. "வத்து, வத்து," என்று, வேறு தட்டு வேண்டாமென்று தலையாட்டி, இருந்த தட்டைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டு, ஒரு துளி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

நான் சமையல்கட்டில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். சுந்தராம்பாள் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். ஒரு தம்ளர் தண்ணீரை மடக்கென்று குடித்தார்.

"இன்னா சார், என் உசிரே பூட்டிருக்கும்!"

"மன்னிச்சுக்கங்கம்மா. கையில சந்து இருந்தது. பார்த்ததும்..."

"நான் பாக்கலியா?" என்றார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "எனக்குக் கண்ணு இல்லியா சார்? பசியோட கீறாங்கன்னு தெரிஞ்சிதான் பல்லைக் கடிச்சிக்கினு பின்னால வந்தேன். அந்த ஹாலுக்காக. எவ்ளோ கஷ்டமா இருந்துச்சி தெரியுமா?"

அவருக்குப் பரிமாறத்தான் தெரியும், நிறுத்தத் தெரியாது என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

சாயங்காலம் மதிப்பெண் தாள் வந்தது. அதில் கடைசி வரி, உதவியாளின் தவறை விருந்தினர் முன் சமாளித்தல், பத்து மார்க். பள்ளி ஆரம்பித்த நாளிலிருந்து எந்த உதவியாளும் தவறு செய்யாததால் அந்தக் கட்டத்தை யாருக்கும் நிரப்பியதே இல்லையாம். சுந்தராம்பாளுக்குப் பத்துக்குப் பத்து. ஜூலை முதல் தேதி திருப்பதியில் வேலையில் சேர்ந்தார். அதே வாரம் எனக்குப் பிரின்சிபாலிடமிருந்து மெமோ வந்தது. விருந்தினர் மறுத்த பிறகும் பரிமாறியது ஏன் என்று மூன்று நாளில் விளக்கம் எழுதித் தரவேண்டுமாம். எப்படி எழுதுவதென்று தெரியாமல் இன்னும் கையிலேயே வைத்திருக்கிறேன்.